அங்க மழையா அம்மா?

டி.வி. இல்லீங்க தம்பி, கம்ப்யூட்டருங்க. பார்க்க டி.வி. மாதிரித்தான் இருக்கும். டப்பா தனியா கிடையாது, எல்லாம் இந்த ஸ்கிரீனுக்குப் பின்னாலயே அடக்கம். ஆல் இன் ஒன்னுன்னு சொல்லுவாங்க. நீங்க உக்காருங்க, இடம் இருக்குது. நான் மடியிலயே வெச்சுக்கறேன். கண்டக்டர் டிக்கியில போடச் சொன்னாரு, முடியாதுன்னுட்டேன். இந்த ரோட்டுக் குலுக்கல்ல டிக்கியில கிடந்தா என்னத்துக்குங்க ஆகும்?

ஈரோடுங்களா? நானும் ஈரோடு போயி, அங்கிருந்து கோபி போவோணும். காலையில இதைத் தூக்கிட்டுத் திண்டுக்கல் வந்தேன். இப்பத் திருப்பித் தூக்கிட்டுப் போறேன். வேண்டாம்னுட்டா எம் பொண்டாட்டி.

நல்லது பண்ணப் போயி வந்த வினைங்க இது. நீங்க படிச்ச புள்ளையாட்ட இருக்கறீங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் பண்ணினதுல என்ன தப்புன்னு. ஊருல யாருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா, பொண்டாட்டி போயிட்டாளான்னு கேப்பாங்க. அவ எங்கியும் போகலை. படிச்சுக் குடுக்கப் போயிருக்கறா, அவ்வளவுதான்.

எம் பேரு திருமூர்த்திங்க. ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ். வேலைக்குப் போன நாள்ல இருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரே மில்லு. ஒரு மெஷின் மெதுவா ஓடுதுன்னா எனக்குச் சோறு இறங்காதுங்க. அதைக் கழட்டி, என்ன ஏதுன்னு பார்த்து, ஓட விட்டாத்தான் தூக்கம். மேனேஜரே சொல்லுவாரு, 'திருமூர்த்தி கையை வெச்சா ஓடாததும் ஓடும்'னு. பெருமைக்குச் சொல்லலீங்க.

இது பையன் நவநீதன் காலேஜ்ல படிக்கறப்ப வாங்கினது. ஓசூர்ல வேலை கிடைச்சுதும் லேப்டாப் வாங்கிக்கிட்டு இதை விட்டுட்டுப் போயிட்டான். வீட்டுக்குப் பின்னால ஒரு சின்ன ரூம், சன்னல்கூடக் கைக்குட்டை அளவுதான். அங்கதான் கிடந்துச்சு. அதைப் பூங்கோதை எடுத்துக்கிட்டா. பூங்கோதைதான் எம் பொண்டாட்டி.

அவ இதுல என்ன பண்ணுவான்னு கேக்கறீங்களா? கண்ணு தெரியாத புள்ளைங்களுக்குப் பாடம் படிச்சு அனுப்புவாங்க. அவங்க புத்தகத்தைப் பார்த்துப் படிக்க முடியாதில்லீங்களா, யாராச்சும் வாய்விட்டுப் படிச்சுப் பதிஞ்சு அனுப்பினா, அதைக் கேட்டுக்கிட்டுப் பரீட்சை எழுதுவாங்களாம். லைப்ரரியில ஆள் வேணும்னு சொன்னாங்களாம், இவ போயிப் பேரு குடுத்துட்டா. பையன் பதியறதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறான். எனக்கு ரொம்ப நாள் தெரியாதுங்க. நான் மில்லுக்குப் போயிருவேன், வந்தா சாப்புட்டுத் தூங்கிருவேன்.

ரிட்டயர் ஆயி வீட்டுல உக்காந்தப்பறந்தான் பார்க்கறேன். சோத்தை இறக்கி வெச்சுட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திக்குவா. முணுமுணுன்னு சத்தம் வரும். ஏதோ சாமி பாட்டுப் படிக்கறாளாக்கும்னு இருந்தேன். ஒரு நாள் கதவைத் திறந்தேன். காதுல ஹெட்போனு, கையில புத்தகம். என்னைப் பார்த்தா, கையை இப்படித் தூக்கி நில்லுங்கன்னு காட்டினா. ட்ராபிக் போலீஸ் மாதிரி! கட்டின நாள்ல இருந்து என்னைப் பார்த்து அவ கையைக் காட்டினதில்லீங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'என்ன புள்ள பண்றே?'ன்னேன். ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு எல்லாம் சொன்னா. 'சரி, பண்ணு'ன்னுட்டேன். நான் எதுக்கும் தடை போட்டதில்லீங்க.

வீட்டுல அவ பேசறதே கம்மி. கேட்டதுக்குப் பதில் வரும், அவ்வளவுதான். அந்த வாயா இத்தனை நேரம் படிக்குதுன்னு எனக்கு ஆச்சரியம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்த மெஷின் இருக்குதே, சாமி, அப்படி ஒரு மந்தம். காலையில பொத்தானை அமுக்கிட்டு அவ பாட்டுக்கு வெளிய வந்துருவா. பாத்திரம் விளக்குவா, செடிக்குத் தண்ணி ஊத்துவா, தலை சீவிக்குவா. எல்லாம் முடிச்சு உள்ள போனா அது அப்பத்தான் கண்ணு முழிச்சுக் கொட்டாவி விட்டுட்டு இருக்கும். அவ அதைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டா. பார்த்துட்டு இருக்கற எனக்குத்தான் முடியலை. ஒரு மெயின்டனன்ஸ்காரன் வீட்டுல இப்படி ஒரு மெஷினா?

'இதை வேகமாக்கித் தரட்டுமா?'ன்னு கேட்டேன். கேக்காம பண்ணினேன்னு பையன் சொல்றான், அது பொய்யுங்க. கேட்டேன். 'எதுக்குங்க? அது பாட்டுக்கு ஓடுது'ன்னா. பொம்பளைங்க வேணும்னு வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க இல்லீங்களா? நாமதான் புரிஞ்சுக்கோணும். புரிஞ்சுக்கிட்டேன்.

யூட்யூப்ல உக்காந்து பார்த்தேங்க. கம்ப்யூட்டருக்கு மூளை எதுன்னா ப்ராசசரு. அதை எடுத்துட்டு அதே வகையில பெருசா ஒண்ணு மாட்டினா பழைய மெஷினும் பறக்கும்னு ஒருத்தன் பண்ணிக் காட்டறான். ஈரோட்டுல ஒரு கடைக்குப் போயி விசாரிச்சேன். கடைக்காரன், 'வீட்டுல என்ன வேலைக்குங்க வெச்சிருக்கறீங்க?'ன்னான். 'சும்மா ஏதோ படிப்பாங்க'ன்னேன். 'அப்ப எதுக்குங்க பெருசு? மாட்டினா ஏறும். ஆனா சூடு அதிகம். பேனு சுத்திக்கிட்டே கிடக்கும்'னான். 'சுத்தறதுக்குத்தானப்பா பேனு வெச்சிருக்கறாங்க'ன்னேன். சிரிச்சுட்டு எடுத்துக் குடுத்தான். எங்கியோ கழட்டினது, ஆனா நல்ல சாமான்.

அவ அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம் பவானியில. 'நீ முன்னாடி போ, நான் அப்பறம் வர்றேன்'னு அனுப்பி வெச்சுட்டு, சாப்பாட்டு மேசையில போர்வையை விரிச்சு இதைக் கவுத்துப் போட்டேன். அந்த வேலையைச் சொல்றேன் கேளுங்க. பின்மூடி முழுக்கக் கொக்கிங்க. ஒவ்வொண்ணா நெம்பி விடோணும். அவசரப்பட்டா ஒடிஞ்சுரும், ஸ்கிரீனும் கீறிரும். உள்ள ஒரு செம்புப் பட்டை, அதுக்கு ஓரத்துல சின்னப் பேனு. பட்டையைக் கழட்டினா, அடியில காஞ்ச பசை. அதைத் துடைச்சா, சாமி மாடத்துல இருக்கற மாதிரி சதுரமா உக்காந்திருக்குது மூளை! கொண்டியைத் தூக்கி அதை எடுத்தா, கீழ முடியாட்டம் ஊசிங்க. ஒண்ணு வளைஞ்சாலும் மெஷின் காலி. மூச்சை அடக்கிக்கிட்டுப் புதுசை வெச்சேன். பசை போட்டு, பட்டையை இறுக்கி, மூடி, சுவிட்சைப் போட்டேன்.

ஒண்ணும் வரலீங்க. ஸ்கிரீன் கருப்பு. திரும்பக் கழட்டி, மெமரி பட்டையை அமுக்கி வெச்சு, சாமியைக் கும்புட்டுட்டுப் போட்டேன். வந்துருச்சு! பழைய ஆமையா அது? அவ பாத்திரத்தை எடுக்கறதுக்குள்ள வந்து நிக்கும். தனியா அந்த மேசைக்கிட்ட நின்னு கையைத் தட்டினேங்க. ரிட்டயர் ஆனப்பறம் அன்னைக்குத்தான் நான் ஒரு மனுசனா இருந்தேன். கிரகப்பிரவேசத்துக்குத்தான் போகலை.

வந்தவளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிக் காட்டினேன். பார்த்தா. 'நல்லா இருக்குதுங்க'ன்னா. முகத்துல சிரிப்பு இருந்துச்சு, நான் பார்த்தேன்.

அடுத்த நாளே வந்து நிக்கறா. 'ஏனுங்க, இது என்ன சத்தம்?'

'என்ன சத்தம்?'

'பேனுங்க. நிக்கவே மாட்டீங்குது. காத்தடிக்கற மாதிரி ஊளையிடுது.'

உள்ள போயிக் காதைக் குடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லீங்க. மில்லுல நான் கேக்காத சத்தமா? டாக்டர் ஒருத்தரு என் காதைப் பார்த்துட்டு மெஷின் மாட்டிக்கச் சொன்னாரு, எதுக்குங்க? இப்ப நீங்க பேசறது எனக்குக் கேக்குதில்லீங்களா? 'மெஷின்னா கொஞ்சம் மூச்சு விடத்தான் செய்யும். பழகிக்கோ'ன்னேன்.

அப்பத்தான் மரியசெல்வின்னு ஒரு புள்ளை போன் பண்ணுச்சு. திண்டுக்கல்லுங்க. பொறவியிலயே கண்ணு தெரியாது. டீச்சர் பரீட்சைக்குப் படிக்குது, தை பொறந்ததும் பரீட்சை. பூங்கோதை படிச்சு அனுப்பறதை நம்பித்தான் இருந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, நானும் கேட்டேன்.

'அம்மா, அங்க மழையா?'ன்னுது.

'இல்லியே கண்ணு. ஏன்?'

'உங்க பின்னாடி மழை பெய்யிற மாதிரியே இருக்கும்மா. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வருசமும் பேரும் வர்ற எடமெல்லாம் முழுகிப் போயிடுது. மூணு நாலு தடவ திருப்பித் திருப்பிக் கேக்குறேன்.'

மழையாம்! அந்த மாசம் கோபியில ஒரு சொட்டு இல்லீங்க.

போனை வெச்சுட்டுப் பூங்கோதை வந்தா. 'பழசையே மாட்டிக் குடுத்துருங்க'ன்னா. எங்க இருக்குது பழசு? அந்தக் கடைக்காரன்கிட்டயே குடுத்துட்டேன். வீட்டுல வெச்சு என்ன பண்றது? 'குடுத்துட்டேன்'னேன். என்னையே பார்த்தா. திட்டலாம், சத்தம் போடலாம். அப்படியே திரும்பி உள்ள போயிட்டா. அது ஒரு மாதிரி கஷ்டமா இருந்துச்சுங்க எனக்கு.

அதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. சூடுதான் கோளாறு, சூட்டைக் குறைச்சா பேனு அடங்கும், இல்லீங்களா? பின்மூடியைக் கழட்டி விட்டேன். டேபிள் பேனைக் கொண்டு வந்து பின்னால வெச்சேன். அது இன்னும் சத்தம்னா. அந்த ரூம்ல காத்தே இல்லை, கதவை வேற சாத்திக்கறா, பின்ன சூடாகாம என்ன பண்ணும்? அதனால ஹாலுக்குக் கொண்டு வந்து சன்னலோரமா வெச்சேன். நல்ல காத்தோட்டம். அந்தச் சின்ன ரூமு சும்மாதான கிடக்குதுன்னு என் சாமானெல்லாம் அங்க கொண்டு போயி அடுக்கிட்டேன். ஸ்பேனரு, டிரில்லு, எல்லாம் மொட்டை மாடி ஷெட்டுல துருப்புடிச்சுக் கிடந்துச்சு. எனக்கும் உக்காந்து வேலை பார்க்க ஒரு இடம் ஆச்சு.

ஹாலுன்னா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். ரோட்டுல வண்டி போகும், நான் நியூஸ் பார்ப்பேன். 'போன்ல பதியேன்'னு நானே யோசனை சொன்னேன். மொட்டை மாடிக்குப் போயிப் பதிஞ்சு பார்த்தா. காத்து. படிக்கட்டுல போயி உக்காந்தா. பக்கத்து வீட்டுக் கிரைண்டரு. எதுக்கு இவ்வளவு அலைச்சல், ஹால்லயே உக்காருன்னேன்.

தீபாவளி போயி கொஞ்ச நாள்ல பையை எடுத்து வெச்சுட்டு வந்து நிக்கறா. 'நான் திண்டுக்கல் போறேங்க. அந்தப் புள்ளை பரீட்சை முடியற வரைக்கும் அங்க பக்கத்துல உக்காந்தே படிச்சுக் குடுத்துட்டு வர்றேன். அவங்கம்மா வரச் சொல்லிட்டாங்க. மாவு அரைச்சு வெச்சிருக்கறேன். பிரஷர் மாத்திரை அந்த டப்பாவுல.'

'அட, நான் சரி பண்ணித் தர்றேன் இரு'ன்னேன்.

'பண்ணுங்க'ன்னா. போயிட்டா.

பையனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவன் எடுத்த எடுப்புல, 'அப்பா, அந்த மெஷின் மெதுவா இருந்ததுக்கு ஹார்ட் டிஸ்க்குதான் காரணம். ப்ராசசர் இல்லை. அதைவிடுங்க, அம்மாவுக்கு வேகம் எதுக்குப்பா? அவங்களுக்கு வேண்டியது சத்தமில்லாத ஒரு ரூம்'னான். படிச்சிருக்கறான், பேசறான். இவன் விட்டுட்டுப் போன ஓட்டை மெஷினுக்கு நான் உசிரு குடுத்திருக்கறேன், அதைச் சொல்ல வாய் வரலை.

தை பொறந்துச்சு. பரீட்சை முடிஞ்சுது. இவ வரலீங்க. வாரம் தவறாம போன் பண்ணுவா. சாப்புட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எல்லாம் கேப்பா. 'எப்ப வர்றே?'ன்னா, 'இங்க இன்னும் நாலஞ்சு பசங்க சேர்ந்திருக்கறாங்க'ம்பா. பொங்கலுக்கே நான் தனியாத்தான் இருந்தேங்க. பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கிண்ணத்துல பொங்கல் வந்துச்சு. கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கப் போனா, 'அக்கா எப்ப வருவாங்க?'ன்னு அந்தப் பொண்ணு கேக்குது. 'அடுத்த வாரம்'னேன். அதையேதான் இப்பவும் சொல்லிட்டு இருக்கறேன்.

சரி, கோளாறு எங்க ஆரம்பிச்சுதோ அங்கயே போயிச் சரி பண்ணுவோம்னு முடிவு பண்ணினேன். பையன் எங்கியோ தேடிப் பழைய மாதிரியே ஒரு ப்ராசசர் வாங்கி அனுப்பினான். திரும்பவும் அதே மேசை, அதே போர்வை. கழட்டினேன், மாட்டினேன். இந்தத் தடவை கையைத் தட்டலை. ஓட விட்டு, போன்ல சத்தத்தைப் பதிஞ்சு பையனுக்கு அனுப்பினேன், என் காதை நம்பலைன்னா அவனே கேக்கட்டும்னு. 'இப்ப இல்லைப்பா, பழையபடி ஆயிருச்சு'ன்னான். அந்தச் சின்ன ரூமையும் காலி பண்ணிட்டேன். என் சாமானெல்லாம் திரும்ப ஷெட்டுக்குப் போயிருச்சு.

பதிஞ்சதெல்லாம் சரியாக் கேக்குதான்னு பார்க்க வேண்டாங்களா? அவ பதிஞ்ச பாடம் ஒண்ணைத் திறந்து, ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுக்க ஏத்தினேன். அன்னைக்குத்தாங்க அவ படிக்கறதை நான் முதல் தடவையா உக்காந்து கேக்கறேன். ஏதோ வரலாறு. என்னமா படிக்கறாங்கறீங்க! நிறுத்தி, நிதானமா, ஒரு கேள்விக்கு ஒரு குரலு, பதிலுக்கு ஒரு குரலு. நம்ம பூங்கோதையா இதுன்னு இருக்குது. பாதியில எம் பேச்சுக் கேக்குது! வெளிய இருந்து, 'பூங்கோதை, டீ!'ன்னு. உடனே படிப்பு நிக்குது. நாற்காலி நகர்ற சத்தம். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்பறம் வந்து உக்காந்து, 'மன்னிச்சுக்கோ கண்ணு, அந்தப் பத்தியை முதல்ல இருந்து படிக்கறேன்'னு ஆரம்பிக்கறா.

அடுத்ததைத் திறந்தேன். அதுலயும் நான். 'பூங்கோதை, கண்ணாடி எங்க?' அதுக்கடுத்தது, 'பூங்கோதை, போன் அடிக்குது.' 'பூங்கோதை, யாரோ வந்திருக்கறாங்க.' நான் ரிட்டயர் ஆனதுக்கப்பறம் பதிஞ்சது எதைத் திறந்தாலும் நான் இருக்கறேங்க! ஒரு குரல் குடுத்தாப் போதும், போட்டது போட்டபடி எந்திரிச்சு வந்திருக்கறா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எப்படி இருந்த குடும்பம் பாருங்க. இதைப் போயி ஒரு பேன் சத்தம் கெடுத்துருச்சே.

அதான் காலையில தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். போன்ல சொன்னப்பவே, 'கொண்டு வராதீங்க, அங்கயே இருக்கட்டும்'னா. தூக்கிட்டு வர்றது கஷ்டம்னு நமக்காகச் சொல்றான்னு நெனச்சேன்.

அந்தப் புள்ளை வீட்டு வாசப்படியில போயி நிக்கறேன். முன்ரூம்ல பாய் விரிச்சுப் பசங்களும் புள்ளைங்களுமா உக்காந்திருக்கறாங்க. நடுவுல இவ. படிக்கறா, நிறுத்திக் கேள்வி கேக்கறா. ஒரு பையன் ஏதோ தப்பாச் சொன்னான். இவ சிரிச்சா பாருங்க, வாய்விட்டு, தோளெல்லாம் குலுங்க. தப்பான வீட்டுக்கு வந்துட்டமோன்னு ஒரு நிமிசம் இருந்துச்சு எனக்கு.

'பூங்கோதை'ன்னு கூப்புட்டேன்.

அவ திரும்பறதுக்கு முன்ன அந்த மரியசெல்வி, 'ஐயா வந்துட்டாங்க!'ன்னுது. எனக்கு ஆச்சரியம். 'நான் வந்ததே இல்லியேம்மா, எப்படித் தெரியும்?'ன்னேன். 'உங்க குரல் தெரியாதவங்க இங்க யாருங்கய்யா?'ன்னுது. உடனே ஒரு பையன் என்னை மாதிரியே, 'பூங்கோதை, டீ!'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. பாசமாத்தாங்க. அந்த ஊருல எனக்கு இவ்வளவு பேரு பழக்கம்னு எனக்கே தெரியலை.

பூங்கோதை மட்டும் சிரிக்கலை. 'வாங்க'ன்னு எந்திரிச்சு வந்தா. இதை வாங்கி ஓரமா வெச்சா. சோறு போட்டா. நல்ல சாப்பாடு, ரொம்ப நாளாச்சு நான் அப்படிச் சாப்புட்டு.

'பழையபடி பண்ணிட்டேன். சத்தமே இல்லை. நவநீதன்கிட்டக் கேளு'ன்னேன்.

'சொன்னானுங்க.'

'ரூமும் காலி பண்ணிட்டேன். கிளம்பு, சாயந்தரம் பஸ்சுக்குப் போயிரலாம்.'

'இவங்களுக்குச் சித்திரையில பரீட்சை இருக்குதுங்க.'

'சரி, அதுக்கப்பறம்?'

ரசத்தை ஊத்திட்டே சொன்னா, 'அதுக்கப்பறம் வேற பசங்க வருவாங்க. நீங்க எப்ப வேணா இங்க வந்துட்டுப் போங்க. நானும் நோம்பி, பண்டிகைன்னா வர்றேன்.'

'அப்ப இந்தக் கம்ப்யூட்டரு?'

'இங்க எதுக்குங்க? நேர்லயே படிக்கறேன். நீங்களே வெச்சுக்கங்க.'

கோபமாச் சொல்லலீங்க. கோபமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். வந்த விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி சொல்றா.

ஒண்ணு மட்டும் மனசுக்குள்ள உறுத்திட்டே இருந்துச்சு தம்பி. அதைக் கேட்டுட்டேன். கேக்காம வந்திருக்கலாமாட்டத் தோணுது இப்ப. மெஷின்ல அவ கடைசியாப் பதிஞ்ச பாடம் ஒண்ணு இருக்குது. ஹால்ல உக்காந்து படிச்சது. அதுல நான் உள்ள இருந்து கூப்புடறேன், 'பூங்கோதை'ன்னு. படிச்சுட்டே இருக்கறா. திரும்பக் கூப்புடறேன். படிச்சுட்டே இருக்கறா. சத்தமா, 'ஏ பூங்கோதை, காது கேக்கலையா?'ன்னு கத்தறேன். நிறுத்தலை, தடுமாறலை, ஒரு எழுத்து முழுங்கலை. பாடம் முடியற வரைக்கும் படிச்சுட்டு, 'அவ்வளவுதான் கண்ணு'ன்னு சொல்லி முடிச்சிருக்கறா.

கையைக் கழுவிட்டு வந்து அதைத்தான் கேட்டேன். 'அன்னைக்கு நான் அத்தனை தடவை கூப்புட்டேனே பூங்கோதை, பேன் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது, இல்ல?'

தட்டைக் கையில எடுத்துட்டு நிமிந்து என்னைப் பார்த்தா.

'கேட்டுச்சுங்க'ன்னா. உள்ள போயிட்டா.

அவ்வளவுதான். பசங்க காத்துட்டு இருந்தாங்க, படிக்க உக்காந்துட்டா. நான் இதைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

கரூர் தாண்டிருச்சுங்களா? இன்னும் இல்லீங்களா. நீங்க சொல்லுங்க தம்பி. கேட்டுச்சுன்னா ஏங்க எந்திரிக்கலை?